பம்ப் ஸ்டவ்வும் பழைய காரின் இன்ஜெக்டரும்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

தூத்துக்குடியில் பதினைந்து இருபது வருடம் ஓடிய ஒரு மாருதி 800-ஐயோ சான்ட்ரோவையோ எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது. சிக்னலில் நின்றால் குலுங்குகிறது. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரியை முந்தப் பார்த்தால் பிக்கப் இல்லாமல் முக்குகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடும்: "இன்ஜெக்டர் போயிட்டு அண்ணாச்சி, மாத்திருவோம்."

என்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் உண்மையிலேயே கெட்டிருக்கலாம். ஆனால் பெட்ரோல் டேங்கில் தொடங்கி என்ஜினில் முடியும் நீண்ட வழியில் இன்ஜெக்டர் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் எது கெட்டாலும் பழி அதன் மீதுதான் விழும். இந்தக் கரையில் அதற்கு இன்னொரு எதிரியும் உண்டு: கடலிலிருந்து வரும் உப்புக் காற்று. எந்தச் சோதனையை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று தெரிந்துகொண்டால் பழைய காருக்கு வீண் செலவு செய்ய வேண்டியிருக்காது. அந்த வரிசையை நம் அடுப்பங்கரையில் இருந்த ஒரு பொருள் அழகாகச் சொல்லித் தருகிறது.

பம்ப் ஸ்டவ் எரிந்த விதம்

கேஸ் சிலிண்டர் வருவதற்கு முன் பல வீடுகளிலும் டீக்கடைகளிலும் சீறிக்கொண்டிருந்தது பித்தளைப் பம்ப் ஸ்டவ். 1892-ல் ஸ்வீடனில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் ஸ்டவ்வின் வாரிசு அது. கீழே டேங்கில் மண்ணெண்ணெய். பக்கத்தில் இருக்கும் பம்ப்பை அடித்தால் உள்ளே காற்று அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் மண்ணெண்ணெயைச் சூடான பர்னர் குழாய்க்குள் தள்ளும். அங்கே ஆவியாகி, நிப்பிளில் உள்ள மயிரிழைத் துளை வழியாகப் பீறிட்டு, காற்றோடு கலந்து நீலமாக எரியும்.

அந்த ஸ்டவ் மக்கர் செய்ததற்கு நான்கு காரணங்கள்தான் பெரும்பாலும் இருந்தன. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் தீ துப்பித் துப்பி எரியும். பம்ப் வாசர் தேய்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் தீ அடங்கிப்போகும். நிப்பிளில் கரி அடைத்தால் தீ ஒரு பக்கமாகச் சாயும். நிப்பிள் துளை தேய்ந்து பெரிதானாலோ, பர்னர் சூடேறும் முன் பம்ப் அடித்துவிட்டாலோ, மண்ணெண்ணெய் ஆவியாகாமல் சொட்டி மஞ்சள் தீயாக எழும்பும். பாத்திரத்தின் அடியில் கரி பூசும்.

கை பழகியவர்கள் எடுத்த எடுப்பில் நிப்பிளைக் குத்தும் ஸ்டவ் பின்னைத் தேடமாட்டார்கள். முதலில் டேங்கை ஆட்டி எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து நான்கு அடி பம்ப் அடித்து அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நிப்பிளுக்குப் பின் போடுவது கடைசி வேலை. காரிலும் அதே வரிசைதான்.

காருக்குள் அதே அடுப்பு

எம்.பி.எஃப்.ஐ. (மல்டி பாயின்ட் ஃபியூயல் இன்ஜெக்ஷன்) பெட்ரோல் காரில் டேங்குக்குள்ளேயே ஒரு மின்மோட்டார் பம்ப் இருக்கிறது. அது பெட்ரோலை ஃபில்டர் வழியாக என்ஜின் மீதுள்ள ரெயில் குழாய்க்கு அனுப்புகிறது. அங்கே அழுத்தம் பெரும்பாலும் 2.5 முதல் 3.5 பார் வரை இருக்கும். கார் டயரில் நாம் நிரப்பும் காற்று ஏறத்தாழ 2 பார் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த அளவு புரியும். ரெயிலிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் இறங்குகிறது. இதுதான் நம் நிப்பிள்.

ஸ்டவ்வில் இல்லாத ஒன்று காரில் உண்டு. ஸ்டவ் நிப்பிள் எப்போதும் திறந்தே இருக்கும். இன்ஜெக்டர் திறந்து திறந்து மூடும். அதற்குள் ஒரு செம்புக் கம்பிச் சுருள், ஒரு ஊசி, ஒரு ஸ்பிரிங், வாயில் ஒரு சின்ன சல்லடை ஆகியவை உள்ளன. சாவி போட்டவுடன் சுருளின் ஒரு முனைக்குப் பேட்டரி மின்சாரம் வந்துவிடும். இ.சி.யு. என்ற கணினிப் பெட்டி மறுமுனையை எர்த்தோடு இணைக்கும் நொடியில் சுருள் காந்தமாகி ஊசியைத் தூக்கும்; பெட்ரோல் புகைபோலத் தெளிக்கும். இணைப்பை விட்டதும் ஸ்பிரிங் ஊசியை அமுக்கிவிடும். ஐடிலிங்கில் ஒரு தெளிப்பு சில மில்லி விநாடிதான். சிலிண்டர் வரிசைப்படி தெளிக்கும் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு இன்ஜெக்டரும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது.

ஆகவே காரில் சரியாக இருக்க வேண்டியவை நான்கு: நல்ல பெட்ரோல், நிற்கும் அழுத்தம், சரியான மின்சாரம், சுத்தமான துளை. மூன்று ஸ்டவ்வுக்கும் பொது. மின்சாரம் மட்டும் காருக்கே உரியது.

நம் ஊருக்கு இன்ஜெக்டர் எப்படி வந்தது

மின்சாரத்தால் இயங்கும் பெட்ரோல் இன்ஜெக்ஷனை அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957-ல் அறிமுகப்படுத்தியது. அது நிலைக்கவில்லை. 1967-ல் போஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் 1600 காருக்குக் கொடுத்த டி-ஜெட்ரானிக்தான் பெரிய அளவில் ஓடிய முதல் அமைப்பு. இந்தியாவில் திருப்பம் 1998, 1999-ல் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ 1998-ல் எம்.பி.எஃப்.ஐ. என்ஜினோடு வந்தது. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தின் தனியார் கார்களுக்கு அந்த ஆண்டு ஜூனிலிருந்து யூரோ 1, 2000 ஏப்ரலிலிருந்து யூரோ 2 புகை மாசு விதிகளைக் கட்டாயமாக்கியது. அதையடுத்து மாருதி 800-க்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. இன்று "பழைய கார்" என்று நாம் சொல்வதில் பெரும் பகுதி இந்தத் தலைமுறைதான்.

வண்டி என்ன சொல்கிறது

இன்ஜெக்டர் கெடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தேவையான அளவு தெளிக்காமல் போவது. கரி அடைத்த நிப்பிளின் கதை இது. அந்த சிலிண்டர் மிஸ் அடிக்கும், ஐடிலிங்கில் வண்டி குலுங்கும், ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு கணம் தயங்கும். அந்த சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நுனி வெளுத்திருக்கும். மாருதி 800-ல் மூன்றே சிலிண்டர் என்பதால் ஒன்று சோர்ந்தாலே குலுக்கல் பெரிதாகத் தெரியும்.

மற்றது, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் கசிவது. சொட்டும் நிப்பிளின் கதை. ஓட்டி நிறுத்திய வண்டி பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆக மறுக்கும். நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால் கரும்புகையோடு பிடிக்கும். பிளக் நுனியில் கரி படிந்திருக்கும். மைலேஜ் விழும். என்ஜின் ஆயிலில் பெட்ரோல் வாசம் வந்தால் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தேய்த்துவிடும்.

இதே அறிகுறிகள் பிளக், இக்னிஷன் காயில், வால்வு, காற்றுக் கசிவு ஆகியவற்றாலும் வரும். அதனால்தான் சோதனைக்கு வரிசை வேண்டும்.

முதல் சோதனை: பெட்ரோல்

டேங்கிலிருந்தோ ஃபில்டரிலிருந்தோ கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிப் படலமாக நிற்கும். துருத் தூள் இருந்தாலும் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த மாவட்டம் பார்த்த மழை யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தெருவில் நின்ற கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கி எழுந்த வண்டி என்றால் டேங்கைக் கழற்றிக் கழுவினார்களா என்பதே முதல் கேள்வி.

எத்தனால் கலந்த பெட்ரோலையும் இங்கே சொல்ல வேண்டும். 10 சதவீதக் கலப்பை நாடு 2022-ல் எட்டியது. இப்போது 20 சதவீதம் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். கொஞ்சம் தண்ணீர் அதில் கரைந்தே இருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். வாரக்கணக்கில் ஓடாமல் கடற்கரை ஓரம் நிற்கும் வண்டிக்கு இந்த ஆபத்து அதிகம். பழைய ரப்பர் குழாய்களும் ஓ-ரிங்குகளும் இந்தக் கலப்பை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பியிருக்கின்றனவா, வெடித்திருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள்.

இரண்டாவது சோதனை: அழுத்தம்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் பின்சீட் பக்கம் பம்ப் இரண்டு விநாடி முனகும். அந்தச் சத்தம் பம்ப் சுற்றுகிறது என்று மட்டுமே சொல்லும். அழுத்தம் போதுமா என்று சொல்லாது. அதற்கு ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும். மாட்டுவதற்கு முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு என்ஜினை அது தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். குழாயில் இருக்கும் அழுத்தம் குறையும். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். இந்த வேலையை வீட்டுக்குள் செய்யாதீர்கள்.

அழுத்தம் குறைவாக இருந்தால் சந்தேகம் ஃபில்டர் மீதும் பம்ப் மீதும் போக வேண்டும். எல்லா சிலிண்டரும் ஒன்றுபோலச் சோர்ந்திருந்தால் பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் இருக்கும். நான்கு இன்ஜெக்டரும் ஒரே நாளில் ஒரே அளவு அடைப்பது அரிது. என்ஜினை நிறுத்திய பின் கேஜைப் பாருங்கள். முள் மெல்ல இறங்கினால் பரவாயில்லை. சட்டென்று விழுந்தால் இன்ஜெக்டர் கசிகிறது, அல்லது பம்ப்பின் ஒருவழி வால்வு விடுகிறது, அல்லது ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. ரிட்டர்ன் குழாய் உள்ள பழைய அமைப்புகளில் ரெகுலேட்டரின் வேக்கம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது சோதனை: மின்சாரம்

தூத்துக்குடிக்காரர்கள் கூடுதல் நேரம் செலவிட வேண்டிய இடம் இது. கொண்டல் காற்று கடலிலிருந்து ஈரத்தைக் கொண்டுவருகிறது. அந்த ஈரத்தில் உப்பு இருக்கிறது. முள்ளக்காட்டிலிருந்து தருவைக்குளம் வரை உப்பளங்கள். கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருக்கும். அந்தத் தண்ணீரால் என்ஜினுக்கு வாட்டர் சர்வீஸ் செய்தால் உப்பை நாமே கனெக்டருக்குள் ஏற்றுகிறோம். ரப்பர் சீல் காய்ந்து, கிளிப் உடைந்த பழைய கனெக்டரைப் பிரித்தால் பின்கள் பச்சை பூத்திருக்கும்.

இந்தப் பச்சை என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். இந்தக் கார்களின் இன்ஜெக்டர் சுருளுக்குப் பெரும்பாலும் 11 முதல் 16 ஓம் வரை மின்தடை இருக்கும். 14 ஓம் என்றும், ஓடும் என்ஜினில் 14 வோல்ட் என்றும் வைத்துக்கொள்வோம். ஓடும் மின்சாரம் 1 ஆம்பியர். கனெக்டர் பின்னில் துரு ஏறி 2 ஓம் கூடினால், மின்சாரம் 0.875 ஆம்பியராகும், சுருளுக்குக் கிடைப்பது 12.25 வோல்ட் மட்டுமே. காந்தம் வலுவிழந்து ஊசி தாமதமாக எழும்பும். மொத்தத் தெளிப்பே சில மில்லி விநாடிதான் என்பதால் அந்தச் சிறு தாமதமே பெட்ரோலைக் குறைத்துவிடும்.

பேட்டரி வோல்ட் குறைந்தால் இ.சி.யு. தெரிந்துகொண்டு தெளிக்கும் நேரத்தைக் கூட்டும். ஆனால் அது அளப்பது தன்னிடம் வரும் வோல்டைத்தான். ஒரு இன்ஜெக்டரின் கனெக்டரில் இழந்த வோல்ட் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆக, துளை சுத்தமாக இருக்கும், அழுத்தம் சரியாக இருக்கும், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் பெட்ரோல் பற்றாமல் மிஸ் அடிக்கும். அசல் அடைப்புக்கும் இதற்கும் வெளியிலிருந்து வித்தியாசமே தெரியாது.

சோதனை எளிது. என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரின் கனெக்டரைக் கழற்றினால் வேகம் விழுந்து குலுக்கல் கூடும். எதைக் கழற்றினால் மாற்றமே இல்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அடுத்து, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை அந்த இன்ஜெக்டர் மீது வைத்து, கைப்பிடியைக் காதில் வையுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் சட்டையும் துண்டும் போகாமல் கவனம். சீரான "டிக் டிக்" கேட்டால் ஊசி அசைகிறது. கேட்காவிட்டால் கனெக்டரில் சோதனை பல்பு மாட்டுங்கள். பல்பு மினுக்கினால் இ.சி.யு.வின் கட்டளை வருகிறது. மினுக்காவிட்டால் வயர், எர்த், ஃபியூஸ், ரிலே, இ.சி.யு. என்று பின்னோக்கிப் போக வேண்டும். என்ஜினை நிறுத்தி, எல்லா இன்ஜெக்டரின் ஓமையும் மல்டிமீட்டரில் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் விலகி நின்றால் அதன் சுருள் போய்விட்டது.

ஸ்கேனர் மாட்டக்கூடிய வண்டி என்றால் பி0201 முதல் பி0204 வரையிலான குறியீடுகள் இன்ஜெக்டரின் மின்சுற்றைக் காட்டும். பி0301 முதல் வருபவை எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது. பி0301 வந்ததும் முதல் இன்ஜெக்டரை மாற்றுவது, தீ சாய்ந்ததும் புது ஸ்டவ் வாங்குவதற்குச் சமம்.

பச்சை பூத்த பின்னுக்கு மருந்து மலிவு: கான்டாக்ட் கிளீனர், மெல்லிய பிரஷ், புது சீல், மேலே மின்கடத்தாக் கிரீஸ். உப்புத்தாளால் தேய்த்தால் பின்னின் மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

நான்காவது சோதனை: துளை

இதுவரை எல்லாம் சரி என்றால் மட்டும் இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம். முதலில் அந்த சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறு கூடவே போனால் குற்றம் பிளக்குடையது. போகாவிட்டால் கம்ப்ரெஷனை அளந்துவிட்டு, இன்ஜெக்டரை இடம் மாற்றுங்கள். இப்போது கோளாறு அதோடு நகர்ந்தால் தீர்ப்பு உறுதி.

துளை ஏன் அடைக்கிறது? என்ஜின் நின்றவுடன் அதன் சூடு இன்ஜெக்டர் நுனிக்கு ஏறுகிறது. நுனியில் ஒட்டியிருக்கும் பெட்ரோல் துளி ஆவியாகி, கனமான மிச்சம் பிசினாகப் படிகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியைவிட, திரேஸ்புரத்திலிருந்து மார்க்கெட்டுக்கும் மார்க்கெட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் என்று சூடேறியதும் நிறுத்தப்படும் வண்டியில் இது அதிகம். 1980-களில் அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை பரவலானபோது பெட்ரோல் நிறுவனங்கள் சுத்திகரிப்பு வேதிப்பொருளைக் கலக்கத் தொடங்கின. 1995-லிருந்து அங்கே அது கட்டாயம்.

ஸ்டவ் நிப்பிளுக்குப் பின் போட்டதுபோல் இங்கே ஊசியோ கம்பியோ விடக் கூடாது. துளை நுட்பமாகத் துளைக்கப்பட்டது. ஒரு கீறல் விழுந்தாலே தெளிப்பு கெட்டுவிடும். கழற்றிய இன்ஜெக்டர்களை டெஸ்ட் பெஞ்சில் மாட்டி, ஒரே நேரத்தில் அளவுக் குழாய்களில் தெளிக்க விட வேண்டும். மூன்றைப் பார்க்க வேண்டும்: எல்லாக் குழாயிலும் அளவு ஏறக்குறைய சமமாக இருக்கிறதா, தெளிப்பு புகைபோல விரிகிறதா அல்லது ஒற்றை நூலாக விழுகிறதா, மூடிய நிலையில் சொட்டுகிறதா. பிறகு அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, மறுபடி அளக்க வேண்டும். கழுவும் முன்னும் பின்னும் அளந்த எண்களைக் காட்டாத பட்டறையில் கழுவியதற்கு ஆதாரம் இல்லை. மாட்டும்போது புது ஓ-ரிங் போடுவது கட்டாயம்; மேல் ஓ-ரிங் கசிந்தால் சூடான என்ஜின் மீது பெட்ரோல் சொட்டும்.

டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் லேசான பிசினைக் கரைக்கும். எரிந்த சுருளையோ, தேய்ந்த ஊசியையோ, பச்சை பூத்த பின்னையோ அது ஒன்றும் செய்யாது.

டீசல் வண்டிக்காரர்களுக்கு

பழைய அம்பாசடர் டீசல், முதல் தலைமுறை இண்டிகா ஆகியவற்றில் இருப்பது மின்சாரம் இல்லாத நாசில். பம்ப் தள்ளும் அழுத்தமே ஊசியைத் தூக்கும். மீன்பிடித் துறைமுகத்தின் பழைய விசைப்படகு என்ஜின்களிலும் இதே தத்துவம்தான். ஓடும் என்ஜினில் ஒவ்வொரு பைப் நட்டாகச் சற்றுத் தளர்த்தி எந்த சிலிண்டர் சோர்ந்திருக்கிறது என்று பார்ப்பது டிரைவர்களின் பழைய வழக்கம்.

அந்தப் பழக்கத்தைக் காமன் ரெயில் வண்டியில் ஒருபோதும் காட்டாதீர்கள். 2007-ல் டீசலில் வந்த ஸ்விஃப்ட் போன்ற கார்களில் ரெயில் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அங்கே ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டு, எது அதிகம் திருப்பி அனுப்புகிறது என்று அளப்பதே முறை. அதையும் தெரிந்தவரிடமே விடுங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

இந்தக் கார்களை வைத்திருப்பவர்களில் பலருக்கு அதுவே குடும்பத்தின் முதல் கார். மருத்துவமனைக்கும் கல்யாண வீட்டுக்கும் அதுதான். புது இன்ஜெக்டர் செட்டுக்குக் கொடுக்கும் பணம் அவர்களுக்குச் சின்னது அல்ல. ஆகவே பணம் கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் மரியாதையோடு நான்கே கேள்வி கேளுங்கள்: பெட்ரோலைப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தீர்களா? ரெயிலில் பிரஷர் எத்தனை பார்? கனெக்டரில் எத்தனை வோல்ட், சுருளில் எத்தனை ஓம்? பெஞ்சில் ஒவ்வொன்றும் எவ்வளவு தெளித்தது? நல்ல மெக்கானிக் எண்ணோடு பதில் சொல்வார். அவருடைய கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள். எண் எதுவும் வராவிட்டால் இன்ஜெக்டரை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.